மாதவிடாய் நிற்கிற வயசுத் தொல்லைகள்: எதற்கு எது கேட்கும்?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்திலிருந்து என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிற நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்கள் பெரும்பாலும் முட்டி வலி என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் தூக்கம் இல்லை, குப்பென்று வேர்க்கிறது, இருமினால் சேலை நனைகிறது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வீட்டில் இதற்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "அந்த வயசு அப்டித்தாம்மா."

எனக்கு அந்தப் பதிலோடுதான் சண்டை. வயசால் வருவது எது, வேறு நோய் அந்த வேஷத்தில் வருவது எது என்று பிரித்துப் பார்ப்பதே இல்லை. உடற்பயிற்சியும் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. "நட, எல்லாம் சரியாப்பூடும்" என்கிறார்கள். சிலதுக்கு நடை நன்றாகக் கேட்கும், சிலதுக்குக் கேட்கவே கேட்காது. அதனால் தொல்லை வாரியாக எழுதுகிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

"கணக்கு தப்பி வருது" / "நின்னு போனது திரும்பப் படுது"

இதில் உடற்பயிற்சிக்கு வேலையே இல்லை. தொடர்ந்து 12 மாதம் தீட்டு வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு இது 45-லிருந்து 50 வயதுக்குள் நடந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சில வருஷங்கள் ஒரு மாதம் தள்ளிப்போகும், அடுத்தது இருபது நாளிலேயே வந்து நிற்கும். அது வரைக்கும் இயல்பு.

மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய பெரிய கட்டியாகப் போவது, ஒரு வாரம் தாண்டியும் நிற்காமல் இருப்பது, உறவுக்குப் பிறகு படுவது எல்லாம் இயல்பில் சேராது. 12 மாதம் நின்ற பிறகு துணியில் ஒரு சொட்டு பட்டால்கூட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "வெயில் சூடு" என்று வெந்தயம் விழுங்கிக்கொண்டு காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பலருக்கு அது சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டுகிற அடையாளமும் இதேதான். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கோ ஸ்டான்லிக்கோ போனால் ஸ்கேன் எடுப்பார்கள், தேவைப்பட்டால் உள்சவ்வில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

நிறையப் போகிறவர்கள் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் பலருக்கு இதனால்தான். 40 வயதுக்கு முன்பே நின்றுபோனாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குத் தீட்டை வைத்துக் கணக்குப் போட முடியாது. சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால் மற்றவர்களுக்கு மெல்ல மெல்ல வருகிற தொல்லைகள் அவர்களுக்கு ஒரேயடியாக வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன எடுத்தார்கள் என்று எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை: இந்தத் தடுமாறும் வருஷங்களிலும் குழந்தை தங்கலாம். கடைசித் தீட்டு 50 வயதுக்கு முன் என்றால் இரண்டு வருஷம், 50-க்குப் பின் என்றால் ஒரு வருஷம் கருத்தடை வேண்டும்.

"திடீர்னு மூஞ்சி கொதிக்குது, வேர்த்து ஊத்துது"

நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று ஒரு சூடு ஏறும், வேர்க்கும், சில நிமிஷத்தில் அடங்கும், சிலருக்குப் பின்னாலேயே குளிர் எடுக்கும். இப்படி இருந்தால் மாதவிடாய் நிற்பதன் வெக்கைதான். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைந்ததும் மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற ஹைப்போதலாமஸ் சின்ன ஏற்றத்தைக்கூடத் தாங்காமல், உடனே தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டு வேர்வையைக் கொட்டி ஆற்றப் பார்க்கிறது.

இந்த வெக்கை மாதிரியே தெரிந்து வேறாக இருக்கிறவை நான்கு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு வேர்வையோடு கை நடுக்கமும் பசியும் வந்தால் அது சுகர் இறங்கியதாக இருக்கலாம். மிஷின் இருந்தால் பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். நாள் முழுக்க சூடும் படபடப்பும் இருந்து, சாப்பிட்டும் எடை குறைகிறது என்றால் தைராய்டாக இருக்கலாம், டி.எஸ்.எச். என்கிற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். நெஞ்சு அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, மூச்சுத் திணறலோடு குளிர்ந்த வேர்வை என்றால் எதற்கும் காத்திருக்காமல் 108. நான்காவது, ராத்திரி வேர்வையோடு இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், உடம்பு இளைப்பது. நெருக்கமான தெருக்களில் இருக்கிற நாம் டி.பி.யை மறந்துவிடக் கூடாது. சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

இவை எதுவும் இல்லையென்றால் வெக்கையைக் கிளப்புவது எது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பழைய காலண்டர் தாள் பின்பக்கம் போதும். ஒரு மீன்கார அக்கா இப்படிக் குறித்துக்கொண்டு வந்தார். நேரம், என்ன குடித்தார், எங்கே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். வெயிலில் உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிட, ஏவாரம் முடிந்து நிழலில் கொதிக்கக் கொதிக்க டீ குடித்தபோது வந்ததுதான் அதிகம். "டீயை வுட முடியாதும்மா" என்றார். விட வேண்டாம், ஆற்றிக் குடித்தால் போதும் என்றேன். சிலருக்குக் காரம், சிலருக்கு அடுப்படி, சிலருக்கு மாமியாரோடு வாக்குவாதம்.

அஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் கத்திரி வெயிலில் பதினொரு மணிக்குச் சமைப்பதற்கும் காலை ஆறரைக்குள் முடிப்பதற்கும் நிறைய வித்தியாசம். காய் நறுக்குவது, மீன் ஆய்வது எல்லாம் அடுப்பை விட்டுத் தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள். நைலக்ஸ், பாலியஸ்டர் நைட்டிக்குப் பதில் பருத்தி. சூடு ஏறத் தொடங்கியதும் பிடரியிலும் மணிக்கட்டிலும் ஈரத்துணி வைத்து, மூக்கால் ஐந்து எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும் வரை விடுங்கள். இதனால் வெக்கை நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பதட்டம் ஏறாது, அதுவே பாதி நிம்மதி.

நடையும் யோகாவும் வெக்கையின் எண்ணிக்கையைக் குறைப்பதாக உறுதியான ஆதாரம் இல்லை. கூடுதல் எடை குறைந்தால் வெக்கை குறைகிறது, அந்த வழியில் உதவும். ஒரு நாளில் பலமுறை வந்து வேலையைக் கெடுக்கிறது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இருக்கிற வைத்தியங்களில் இதற்கு நன்றாகக் கேட்பது ஹார்மோன் சிகிச்சைதான். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்குப் பொதுவாக நன்மை கூடுதல். மார்பகப் புற்று, ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. மாத்திரை எழுதுவது என் வேலை இல்லை, மகப்பேறு டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிய சீட்டை வைத்து மெடிக்கலில் வாங்காதீர்கள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிக்கிறேன்"

எதனால் முழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துதான் வழி. வேர்த்து முழித்தால் மேலே சொன்னவைதான், கூடவே தலைமாட்டில் ஒரு மாற்று நைட்டி. ஒன்றுக்கு முழித்தால் ஏழு மணிக்கு மேல் தண்ணீரையும் டீயையும் குறைத்து, சுகரும் பார்த்துவிடுங்கள். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால் அது தூக்க மூச்சுத்தடை. மாதவிடாய் நின்ற பிறகு இது கூடுகிறது, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றும் இல்லாமல் முழித்து, பிள்ளையின் காலேஜ் ஃபீஸிலிருந்து சீட்டுப் பணம் வரை மனசு ஓடுகிறதா? இதற்குத்தான் உடற்பயிற்சி நன்றாகக் கேட்கும். காலை வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடங்கள். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். மூன்று மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், போனைத் தொடாதீர்கள். லாரித் தண்ணிக்கும் அடி பம்புக்கும் விடியற்காலை எழுகிற வீட்டில் "எட்டு மணி நேரம் தூங்கு" என்று சொல்வது கேலி. எழுகிற நேரத்தை மாற்ற முடியாதென்றால் படுக்கிற நேரத்தைத்தான் முன்னால் இழுக்க வேண்டும். ராத்திரி சீரியலில் ஒன்றை விட வேண்டிவரும்.

"முட்டி புடிக்குது, தோள் தூக்க முடியல"

என் வேலை இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வேகமாகத் தேயும், தசையும் வயசோடு இளைக்கும். நின்ற பிறகு வருகிற முதல் சில வருஷங்கள்தான் எலும்புக்கு மோசமான காலம். வலிக்கிறது என்று அசையாமல் உட்கார்ந்தால் தசை இன்னும் இளைக்கும், முட்டிக்கு மேலும் பாரம். முட்டி வீங்கி, சிவந்து, காய்ச்சலும் இருந்தாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் சேரை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் நடுவீட்டில் போட்டால் பின்னால் சறுக்கும். உட்கார்ந்து, பாதத்தை இடுப்பு அகலத்துக்கு வைத்து, கை ஊன்றாமல் மெல்ல எழுந்து, எழுந்ததைவிட மெல்ல உட்காருங்கள். பொத்தென்று விழுந்தால் பயிற்சி இல்லை. ஐந்தில் ஆரம்பித்துப் பத்துக்குப் போங்கள், கொஞ்சம் ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. முடியாவிட்டால் சேரில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

அடுத்து, காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்கு அடியில் சுருட்டிய டவலை வையுங்கள். டவலை நசுக்குகிற மாதிரி முட்டியைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணி விடுங்கள், காலுக்குப் பத்து. பிறகு வாசல் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, இதுவும் பத்து. கடைசியாகச் சுவரில் உள்ளங்கை ஊன்றி, முழங்கை மடக்கி நெஞ்சைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோய்த் தள்ளுவது. இவ்வளவுக்கும் கால் மணி நேரம்தான் ஆகும், வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள். செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாளும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

ஹவுசிங் போர்டு மாடிப்படிக்கு ஒரு வழி உண்டு. ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால், கை கம்பியில். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காதீர்கள். முடிந்தால் இரண்டு கையிலும் பாதி பாதி நிரம்பிய கேன் எடுத்துப் போங்கள், நடை கூடினாலும் முதுகு தப்பிக்கும். எலும்பு மெலிந்துவிட்டது (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருப்பவர்கள் குனிந்து கால் விரலைத் தொடுவதையும், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியையும் விட்டுவிடுங்கள், முதுகெலும்பு நசுங்க வாய்ப்புண்டு.

பின்பக்க ஹூக் போட முடியவில்லை, தலை சீவக் கை எழவில்லை என்றால் அது தோள் இறுகிப்போவது. சுகர் உள்ளவர்களுக்கு இது அதிகம். சுவரில் விரலாலேயே ஏணி ஏறுகிற மாதிரி மேலே கொண்டுபோய், எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். கோடு மாதக்கணக்கில்தான் ஏறும். அவசரப்பட்டு யாரையாவது இழுத்துவிடச் சொன்னால் இன்னும் இறுகும்.

சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 1000-லிருந்து 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300-க்கு மேல் கிடைக்கும், ஒரு டம்ளர் பாலில் 200 சொச்சம். முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி நம் பக்கத்துப் பெண்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். கருவாடாகத் தின்றால் உப்பு, பி.பி. உள்ளவர்கள் பார்த்து. கால்சியம் மாத்திரையை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

"இருமினா, சிரிச்சா ஒண்ணுக்கு வந்துடுது"

இதைச் சொல்ல வருவதற்கே சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகிறது. ஆனால் உடற்பயிற்சிக்கு நன்றாகக் கேட்பதும் இதுதான். கூட்டமான பஸ்ஸில் காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அதே மாதிரி அடிப்பகுதியை உள்ளே மேலே இழுங்கள். ஐந்து எண்ணிப் பிடித்து, ஐந்து எண்ணித் தளர்த்துங்கள். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சோறு வடிக்கும்போதும் ரேஷன் கடை வரிசையிலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். மூன்று மாதம் விடாமல் செய்த பிறகு பலன் என்ன என்று பாருங்கள். இருமலோ தும்மலோ வருவது தெரிந்தால் முன்கூட்டியே இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவசரம் வந்தால் பாத்ரூம் போவதற்குள் போய்விடுகிறது என்பவர்கள், அவசரம் எடுத்ததும் நின்ற இடத்திலேயே நின்று ஐந்தாறு முறை இழுத்து விட்டு, அலை அடங்கியதும் நடந்து போங்கள். தண்ணீரைக் குறைப்பது வழியில்லை. தெருவோரம் கடை போட்டுக் கழிப்பறை இல்லாமல் நாள் பூரா தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் குறை இல்லை, கழிப்பறை கட்டாததுதான் குறை. ஆனாலும் சிறுநீர் கெட்டியானால் எரிச்சலும் அவசரமும்தான் கூடும். எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், அடியில் ஏதோ இறங்கி நிற்கிற உணர்வு இருந்தால் மகளிர் ஓ.பி.க்குப் போங்கள்.

"அந்த இடம் காய்ஞ்சு எரியுது"

டெட்டால், வாசனை சோப்பு எல்லாவற்றையும் முதலில் நிறுத்துங்கள், வெறும் தண்ணீர் போதும். உறவின்போது வலித்தால் மெடிக்கலில் தண்ணீர் அடிப்படையிலான வழவழப்பு ஜெல் கிடைக்கும். வறட்சி தானாகச் சரியாவது அரிது. உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் கிரீமை டாக்டர் எழுதித் தருவார், அதில் உடம்புக்குள் போகிற அளவு மிகக் குறைவு. அரிப்பும் வெள்ளையும் இருந்தால் சுகர் பாருங்கள்.

"எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன், எதுவும் ஞாபகம் நிக்கல"

தூக்கத்தைச் சரிபண்ணினால் இதில் பெரும்பகுதி குறையும். மீதிக்கு நடை, தனியாக இல்லாமல் துணையோடு. பெண் பெண்ணோடு நடந்தால் வாயும் நடக்கும், அதுவும் வைத்தியம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வந்தாலோ, செத்துப்போகலாம் என்று ஒருமுறை தோன்றினாலோ, 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

"வவுறு மட்டும் போட்டுகினே போவுது"

இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனம். நின்ற பிறகு கொழுப்பும் பி.பி.யும் ஏறுகிற போக்கு உண்டு, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சுகர் இரண்டும் பார்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 150 நிமிஷ நடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம்.

எங்கே நடப்பது என்பதுதான் நம் பக்கத்தில் கஷ்டம். கன்டெய்னர் லாரி போகிற ரோட்டில் நடக்காதீர்கள். ராயபுரத்தில் இருப்பவர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949-ல் தி.மு.க. தொடங்கிய இடம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெரம்பூர்க்காரர்களுக்கு முரசொலி மாறன் பூங்கா. எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் மொட்டை மாடி, அல்லது மகளிர் இலவச பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி மிச்சத்தை நடப்பது. எண்ணூர், மணலி பக்கத்தில் காற்றில் நெடி அடிக்கிற நாளில் வெளியே போகாதீர்கள், சேர்ப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓ.பி.க்குப் போகும்போது

காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். கடைசியாகத் தீட்டு வந்த தேதி, இப்போது போடுகிற மாத்திரை அட்டைகள், பழைய ஸ்கேன், வெக்கை குறித்த காலண்டர் தாள் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் இருக்கட்டும். "அந்த வயசு" என்று உள்ளேயும் யாராவது சொன்னால் தைராய்டு, சுகர், ஹீமோகுளோபின் மூன்றும் பார்த்துவிடலாமா என்று கேளுங்கள். கூட வந்த மகனையோ மருமகளையோ கொஞ்ச நேரம் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள், அவர்கள் முன்னால் பாதி விஷயம் வாயில் வராது.